மூன்றுக்கு ஒரு குடம்

அவளைப் பற்றிக் கேட்டால் நல்லவள் என்று சொல்வதா, அழுத்தக்காரி என்று சொல்வதா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. யோசித்து யோசித்துத் தலை நரைத்ததுதான் மிச்சம். என் கொழுந்தனின் மனைவி அவள், எனக்கு ஓரகத்தி. ஆறு வருஷம் ஒரே அடுப்பில் சேர்ந்து சமைத்தோம். அப்படியிருந்தும் அவள் செய்ததில் பாதிக்கு மேல் எதற்காகச் செய்தாள் என்று எனக்கு விளங்கியதில்லை.

கொழுந்தனுக்கு ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வந்து இறங்கும் பச்சைத் தோல் அழுகிவிடாமல் அதன்மேல் உப்பை வாரித் தேய்த்து அடுக்குவது அவன் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை முதலாளி அவனை மரக்காணம் பக்கத்து உப்பளத்துக்கு அனுப்புவார், நல்ல உப்பாகப் பார்த்து ரயிலேற்றிவிட. அப்படி ஒரு வருஷம் உப்பு வாங்கப் போனவன், அங்கேயே தாலி கட்டிப் பெண்டாட்டியோடு வந்து நின்றான். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இந்த மூட்டைய எங்க எறக்கறது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "ஓரமா எறக்குக்கா. கொஞ்சங் கொஞ்சமா உள்ள வந்துடறேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். முதல் நாள் பின்கட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் அம்மிக்குப் பக்கத்தில். அதற்கு மறுநாள் உரலுக்கு இந்தப் பக்கம். பதினைந்து நாளில் பார்த்தால் அடுப்பும் அகப்பையும் அவள் கையில் இருந்தன. அதை நான் எப்போது கொடுத்தேன் என்பதே எனக்கு ஞாபகமில்லை.

எதுவானாலும் முன்கூட்டிக் கொஞ்சம் காட்டிவிட வேண்டும், அதுதான் அவளுடைய பித்து. சித்திரை வெயிலில் ஆற்று மணலைத் தாண்டிப் போகவேண்டிய நாளில், காலை எட்டு மணிக்கே போய் வெறுங்காலோடு மணலில் நின்றுவிட்டு வருவாள். மத்தியானம் சுடாதாம். மகள் பிறந்ததும் தினமும் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வேப்பிலைச் சாறு தொட்டு வைத்தாள். "குழந்தைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையேடி" என்று நான் கத்தினால், "இப்ப இல்லக்கா. என்னிக்காவது காய்ச்ச வரும், கசாயம் குடிக்கணும். முன்னாலயே கொஞ்சம் காட்டி வெச்சிட்டா பயம் பூடும்" என்பாள். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எனக்குப் பிள்ளை இல்லை, அதனால்கூட இருக்கலாம்.

எங்கள் வெள்ளைப் பசுவின் கன்றுக்குட்டி செத்த கதையைச் சொன்னால்தான் அவளைக் கொஞ்சமாவது புரியும். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கன்று என்றால் உயிர். ஒருநாள் விடிகாலையில் நானும் அவளும் தொழுவத்துக்குப் போனபோது அது விறைத்துக் கிடந்தது. நான் அலறுவதற்கு முன்னால் அவள் என் வாயைப் பொத்தினாள். பிறகு வயலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், "மாமா, கன்னுக்குட்டி காலைல பால் குடிக்கல" என்றாள். பத்து மணிக்குக் கூழ் கொண்டுபோனபோது, "படுத்துனே கீது மாமா" என்றாள். மத்தியானம், "தலய தூக்கல" என்றாள். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும் வழியிலேயே, "போயிடுச்சா?" என்று அவராகவே கேட்டார். கண் கலங்கினார், ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டார். நாள் முழுக்க அந்தச் செத்த கன்றின்மேல் கோணிப்பையைப் போட்டு மூடிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான். அதைப் பொய் என்று சொல்வதா, புண்ணியம் என்று சொல்வதா? கேட்டால், "சேதி ஒண்ணுதானேக்கா. நாலாப் பிச்சிக் குடுத்தேன்" என்றாள்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வயல், பாலாற்றுக்கும் ஷாப்புக்கும் நடுவில். ஜெர்மன் சண்டைக் காலத்தில் சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தோல் தேவைப்பட்டு ஷாப்பு பெருத்துப்போனது. உப்புத் தோலைக் கழுவிய தண்ணீர் கால்வாயாக ஓடி எங்கள் வயலின் கிழக்கு வரப்பை ஒட்டிப் போகும். சண்டை முடிந்த பிறகு எங்கள் கிணறு கரிக்க ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது மாடுதான். தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த வருஷம் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய நாற்று இரண்டு விரல் உயரத்திலேயே நுனி கருகி, நாற்றங்கால் முழுக்கச் செத்தது.

முதலாளி வீடு தேடி வந்தார். மோசமான மனிதர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். "தோல் காயப்போட எடம் கம்மியா கீது. ஒங்க நெலத்த எனக்குக் குடுத்துடுங்க. வெல ஜாஸ்தியாவே தர்றேன்."

"குடுத்துடலாம்ணா" என்று கொழுந்தன் உடனே சொன்னான்.

என் வீட்டுக்காரர் தம்பியைக் கையமர்த்தினார். "இந்த ஒரு போகம் பாத்துடறேன். நெல்லு வரலன்னா நீங்களே எடுத்துக்குங்க" என்றார். அந்த மனிதருக்கு மண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஷாப்பு வாடை பட்டாலே வாந்தி எடுப்பார். நிலம் போனால் அவரும் தம்பியோடு சேர்ந்து உப்பு வாரத்தான் போகவேண்டும்.

அவர் ஒரு யோசனை வைத்திருந்தார். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். வயலுக்கெல்லாம் அதைக் கொண்டுவர முடியாது, ஆனால் நாற்றங்காலுக்குக் குடத்தில் சுமந்து ஊற்றலாம். நல்ல தண்ணீரில் நாற்று திடமாக வளர்ந்துவிட்டால், நட்ட பிறகு கிணற்று உப்பைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எட்டுப் பாத்தி நாற்றங்கால். சுமப்பது நானும் அவளும்.

எங்கள் வீட்டில் விதைநெல் ஊறப்போட்டதிலிருந்து அது முளைவிடும்வரை யாருக்கும் உப்புக் கொடுக்கமாட்டோம். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கை உப்புக் கேட்டு வந்தபோது வெறுங்கையோடு அனுப்பினேன். உப்புச்சட்டி மூடியைக்கூடத் திறந்து வைக்கவில்லை. அத்தனை பயபக்தியாக இருந்தவள் நான். விதைத்த ஒன்பதாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில் நாற்றங்காலுக்குப் போனால், அவள் எங்கள் கரிக்கும் கிணற்றிலிருந்து ஒரு குடம் சேந்தி, பெரிய மிடாப் பானையில் இருந்த ஆற்றுத் தண்ணீரில் கலந்துகொண்டிருக்கிறாள்.

"இன்னாடி செய்யற?" என்று ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்தேன்.

"மூணு கொடம் ஆத்துத் தண்ணிக்கு ஒரு கொடம் கெணத்துத் தண்ணி" என்றாள், குழம்புக்குப் புளி அளவு சொல்கிறவள் மாதிரி. "அடுத்த வாரம் ரெண்டுக்கு ஒண்ணு. நடறதுக்குள்ள பாதிக்குப் பாதி."

"செத்துடும்டி!"

"கொஞ்சம் சாவும்."

"ஒங்க ஊர்ல இப்பிடித்தான் செய்வாங்களா?"

"எங்க ஊர்ல எதுக்குச் செய்யணும்? அந்த நெல்லு பொறந்ததே உப்புலதான். இதுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. அதான் கொஞ்சம் காட்டி வெக்கிறேன்."

"முன்ன எப்பவாவது செஞ்சி பாத்திருக்கியா?"

"இல்ல" என்றாள். அவ்வளவுதான். குனிந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கு என் மனசு போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் புருஷன் நிலத்தை விற்கச் சொல்கிறான். இவள் நாற்றுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுகிறாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் அண்ணன் தம்பி உறவு அன்றோடு அறுந்துபோகும். சொல்லாவிட்டால் நாற்று செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு திருட்டு வழி கண்டுபிடித்தேன். அவள் ஊற்றிவிட்டுப் போனதும் நான் ஊற்றுக்கு ஓடுவேன். நல்ல தண்ணீர் கொண்டுவந்து பாத்தியில் விட்டு, வடிய வைத்து, மறுபடி விடுவேன். எட்டுப் பாத்திக்கும் சுமக்க என் இடுப்பில் வலு இல்லை. ஆற்றுப் பக்கத்து நாலு பாத்திக்கு மட்டும்தான் முடிந்தது.

இருபது நாளில் வித்தியாசம் கண்ணில் அடித்தது. என் நாலு பாத்தியும் கருகருவென்று பச்சை. அவளுடைய நாலும் மஞ்சள் பூத்து, குட்டையாக, நடுநடுவே சொட்டை விழுந்து கிடந்தன. செத்த நாற்றை அவள் பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் போடுவாள், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாமல். என் பாத்தியையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மட்டும், "ஒரே வெத, ஒரே தண்ணி, ஏன் இப்பிடி?" என்று தலையைச் சொறிந்தார். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம்.

நடவன்று என் பச்சை நாற்று கிழக்குப் பாதிக்கும் அவளுடைய மஞ்சள் நாற்று மேற்குப் பாதிக்கும் போனது. அவளுடையது கொஞ்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் குத்துக்கு ஆறு ஏழாகச் சேர்த்து, தள்ளித் தள்ளி நட்டாள். கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தது. நாலாம் நாள் என் நாற்றின் நுனி சுருண்டது. எட்டாம் நாள் வெளுத்தது. பன்னிரண்டாம் நாள் கிழக்குப் பாதியில் உயிரோடு இருந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேற்கில் அந்த மஞ்சள் சனியன்கள் தலையைத் தொங்கப்போட்டன, இரண்டு இலையை உதிர்த்தன, பிறகு மெதுவாகப் பச்சை பிடித்து நிமிர்ந்துவிட்டன.

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீதானேக்கா ஊத்தின?"

தலையை ஆட்டினேன்.

"எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் மண்ணுல ஒன் காலடி ஈரமா இருக்கும்."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"நான் செய்யறது சரின்னு எனக்கு மட்டும் தெரியுமா இன்னா? எல்லாம் செத்துட்டா ஒன்னுதாவது இருக்கட்டும்னு உட்டுட்டேன்" என்றாள்.

அவளைப் பகைக்காரி என்று நினைத்துக்கொண்டு நான் திருட்டுத்தனமாக ஊற்றினேன். அவளோ அதையும் ஒரு காவலாக நினைத்து விட்டுவைத்திருக்கிறாள். வீட்டுக்காரர் வேறு காரணம் சொன்னார். கிழக்குப் பாதி ஷாப்புக் கால்வாயை ஒட்டினது, அங்கே எதை நட்டிருந்தாலும் செத்திருக்கும் என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். நான் செய்ததை அவரிடம் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மேற்கில் நெல் வந்தது. கிழக்குப் பாதி முதலாளிக்குப் போய்த் தோல் காயும் களமானது. மேற்கையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். "இன்னொரு தடவ தவறிச்சின்னா இதுவும் போவும்" என்பார்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்துவிட்டது. குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் பள்ளிகொண்டா கோயிலுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் வந்தாள். குழந்தை வீடே அதிர அழுதது. அடுத்த மாதம் சோளிங்கர் மலைக்கு மூன்று நாள். ஆடியில் அம்மா வீட்டுக்குப் பதினைந்து நாள், பிறகு ஒரு மாதம். ஒவ்வொரு தடவையும் குழந்தையின் அழுகை குறைந்துகொண்டே வந்தது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு இப்படித் திரிகிறாளே என்று தெரு முழுக்கப் பேசினார்கள். நானும் சேர்ந்து பேசினேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், குழந்தை ராத்திரியில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கியதே.

கடைசியாக அம்மா வீட்டுக்குப் போனது மறு போகத்துக்கு விதை விட்ட பத்தாம் நாள். "நாத்தங்கால் இருக்கும்போது போறியே" என்று கேட்டேன்.

"நீ இருக்கியேக்கா. மூணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு, பாதிக்குப் பாதி. ஊத்துவ இல்ல?"

"என்ன நம்பியா உட்டுட்டுப் போற?"

"ஒன்னத் தவிர வேற யாரு ஊத்துவாங்க?" என்று சிரித்தாள். குழந்தைக்கு ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை, தலையைத் தடவினாள், போய்விட்டாள். நான் அவளை நன்றாகப் பார்க்கவும் இல்லை. அவசரமாகக் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டேன்.

மூன்றுக்கு ஒரு குடம் ஊற்றி முடித்து, இரண்டுக்கு ஒன்று ஆரம்பித்த அன்று அவள் ஊரிலிருந்து ஒரு கார்டு வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நாலு வருஷம் போனவள். கொழுந்தனும் வீட்டுக்காரரும் எதிரில் நிற்க, குழந்தை என் மடியில் உட்கார்ந்திருக்க, படித்தேன். "லேசாக ஜுரம். கவலைப்பட வேண்டாம்" என்று இருந்தது.

"ஜொரம்தானே" என்றான் கொழுந்தன். வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் கோணிப்பை மூடிக் கிடந்த கன்று கண்முன்னால் வந்தது. கன்னுக்குட்டி காலைல பால் குடிக்கல மாமா.

வெறும் ஜுரமாகவும் இருக்கலாமே? நான்தான் பைத்தியம் பிடித்து எதையாவது நினைக்கிறேனோ? சொல்லிவிட்டு அது பொய்யானால் வாய் அழுகிப்போகாதா? அப்படியும் இப்படியும் தவித்துவிட்டு, "நீ இன்னிக்கே பொறப்படு" என்று கொழுந்தனிடம் மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டான். "போடான்னா போ" என்று கத்தினேன். அவன் ரயிலேறினான்.

அவன் போன மூன்றாம் நாள் இரண்டாவது கார்டு வந்தது. "கஞ்சி இறங்கவில்லை. எழுந்து உட்கார முடியவில்லை." அதை வீட்டுக்காரருக்கும் குழந்தைக்கும் படித்துக் காட்டினேன். மறுநாள் கொழுந்தன் மொட்டைத் தலையோடு வந்து படியேறினான். அவன் போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம். முதல் கார்டைப் பெட்டியில் போடும்போதே அவள் இல்லையாம். இரண்டு வருஷமாக நெஞ்சில் நோயாம், அவள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியுமாம். எங்கள் வீட்டில் அவள் இருமி நான் கேட்டதில்லை, எங்கே போய் இருமினாளோ. படுத்த படுக்கையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மூன்று கார்டு எழுதச் சொல்லி, எதை எப்போது போடவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறாள். மூன்றாவது கார்டு அதற்குப் பிறகும் வந்தது. நான் படிக்கவில்லை.

குழந்தை கேட்டது, "அம்மா இந்த தபா எத்தினி நாளு?" கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ரொம்ப நாளு" என்றேன். அது என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருப்பே இல்ல?" என்று கேட்டுவிட்டுக் கூழுக்கு உட்கார்ந்தது. வீட்டுக்காரர் இரண்டு கார்டு கேட்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேலையைப் பார்த்தார்.

நான் நாற்றங்காலுக்குப் போனேன். அன்றைக்குப் பாதிக்குப் பாதி ஊற்றவேண்டிய நாள். கரிக்கும் கிணற்றில் சேந்திச் சேந்தி ஊற்றினேன், கை நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. அந்த வருஷம் மேற்குப் பாதியில் நெல் நன்றாகவே வந்தது. நிலம் எங்கள் கையிலேயே நின்றது. மழை நல்ல மழை, அதனால்தான் என்றார் வீட்டுக்காரர். இருக்கலாம்.

எனக்கு விளங்காதது வேறு. பெற்ற பிள்ளைக்குப் பள்ளிகொண்டாவிலிருந்து ஆரம்பித்துப் பழக்கினாள். ஆம்பிளைகளுக்குக் கார்டு எழுதிவைத்தாள். அந்தக் கார்டை வாங்கிப் படிக்கப்போகிறவள் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். கன்றின்மேல் கோணியைப் போட்டு மூடியவளும் நான்தான் என்று தெரியும். முதல் வரியிலேயே எனக்கு முழுச் சேதியும் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? மறந்துவிட்டாளா, இல்லை என்னால் தாங்கமுடியும் என்று நினைத்தாளா? எட்டுப் பாத்தியில் என் ஒருத்திக்கு மட்டும் அவள் கடைசிவரை உப்பைக் காட்டாமல் நல்ல தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறாள்.